கம்போடியாவில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போகும் மிஷனரி ஊழியருக்கு

கம்போடியாவின் மாகாண நகரங்களில் பல சிறிய சபைகளின் வாசலில் 'மாலை ஆங்கில வகுப்பு' என்று ஒரு பலகை தொங்கும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்களில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது நாட்டை விட்டு ஓடினார்கள். 1980-களில் அங்கே அனுமதிக்கப்பட்ட அந்நிய மொழிகள் ரஷ்யனும் வியட்நாமியும்தான். 1992-93-இல் ஐ.நா. இடைக்கால நிர்வாகம் வந்த பிறகுதான் ஆங்கிலம் வேலை வாங்கித் தரும் மொழியானது. இன்றும் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள்தான் நடக்கின்றன. மீதி அரை நாளிலோ மாலையிலோ பிள்ளைகள் தனி வகுப்பைத் தேடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் தன்னார்வ ஊழியருக்குக் கிடைப்பது இந்த மாலை நேரம்தான்.

எதற்குப் போகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வது

பயண ஏற்பாட்டுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. ஆங்கில வகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு, வந்தவர்களை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்தால் மூன்றாம் வாரம் பெஞ்சு காலியாகும். சட்டச் சிக்கலும் வரும். கம்போடியாவில் பௌத்தம் அரச சமயம். அரசியல் சாசனத்தின் 43-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது, அதே பிரிவு சமய சுதந்திரத்தையும் தருகிறது. ஆனால் வீடு வீடாகப் போய் மதப்பிரசாரம் செய்வதற்குத் தடை உண்டு. சமயப் பிரசுரங்களைச் சபை வளாகத்துக்குள்தான் கொடுக்கலாம். பணமோ பொருளோ காட்டி மதம் மாற்றுவது விதிமீறல். 'ஞாயிறு ஆராதனைக்கு வந்தால்தான் சான்றிதழ்' என்று ஒரு வார்த்தை சொன்னாலே இலவச வகுப்பும் 'பொருள் காட்டுவது' ஆகிவிடுகிறது.

ஆகவே சேர்க்கைத் தாளிலேயே அந்த நாட்டு மொழியான கெமரில் மூன்று வரி எழுதிவிடுங்கள்: இந்த வகுப்பை நடத்துவது கிறிஸ்தவ சபை, வகுப்பு முடிந்ததும் இருபது நிமிட வேதபாட நேரம் உண்டு, விருப்பம் உள்ளவர்கள் இருக்கலாம், இல்லாதவர்கள் போகலாம், அதனால் மதிப்பெண்ணோ சான்றிதழோ குறையாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கையெழுத்து. இந்த மூன்று வரியும் ஆள் வருவதைக் குறைக்கும் என்று பயப்பட வேண்டாம். அந்த ஊரில் சபை நடத்தும் வகுப்பு எது என்று எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும். ஒளிப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள்

அழைப்பு ஒரு உள்ளூர் சபையிடமிருந்தோ, அங்கே முறையாகப் பதிவு செய்த கிறிஸ்தவ அமைப்பிடமிருந்தோ வர வேண்டும். சபை என்றால் சமய அமைச்சகத்தில் பதிவு இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் என்றால் வெளியுறவு அமைச்சகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்க வேண்டும்; 2015-இல் வந்த தொண்டு நிறுவனச் சட்டம் இதைக் கேட்கிறது. பதிவுத் தாளின் நகலைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை என்று சிலர் தயங்குவார்கள். உண்மையான போதகர் கேட்ட அன்றே படம் எடுத்து அனுப்பிவிடுவார்.

இதில் தமிழர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. கம்போடியாவில் இணைய மோசடிக் கூடங்கள் இயங்குகின்றன. டேட்டா என்ட்ரி, கால் சென்டர் வேலை என்று அழைத்துப்போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அடைத்துவைத்த இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. 'ஆசிரியர் வேலை, தங்குமிடம் இலவசம், டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம், சுற்றுலா விசாவில் வாருங்கள்' என்று ஒரு முகவர் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஊழியத்தின் பெயரைச் சொன்னாலும் அப்படியே. அதே காரணத்தால் இங்கே விமான நிலையக் குடியேற்ற அதிகாரியும் உங்களைக் கேள்வி கேட்கலாம். அழைப்புக் கடிதம், அழைக்கும் சபையின் பதிவு நகல், உங்கள் சபை ஆயரின் கடிதம், திரும்பும் டிக்கெட் நான்கையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள். செல்போனில் இருக்கிறது என்பது போதாது.

விசாவும் தாள்களும்

சுற்றுலா விசாவில் போகாதீர்கள். அதை ஒரே ஒருமுறை, ஒரு மாதம்தான் நீட்டிக்கலாம். அதில் கற்பிப்பதும் முறையல்ல. கேட்க வேண்டியது 'இ' வகை சாதாரண விசா. கட்டணம் 35 டாலர், முப்பது நாள் செல்லும். அங்கே போனபின் அதை மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று நீட்டிக்கலாம். பன்னிரண்டு மாத நீட்டிப்புக்கு முகவர் கட்டணத்தோடு சுமார் 300 டாலர் ஒதுக்கிவையுங்கள். நீட்டிப்புக்கு அழைத்த அமைப்பின் கடிதம் வேண்டும். தொழிலாளர் அமைச்சகத்தின் பணி அனுமதி தனி. 'சம்பளமே வாங்கவில்லை, எனக்கு எதற்கு' என்று நீங்களாக முடிவு செய்துவிடாமல், சபையின் சட்ட விவகாரங்களைப் பார்ப்பவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நீட்டிப்பு நின்றுபோவது பெரும்பாலும் ஒரு சின்ன விஷயத்தால். நீங்கள் தங்கும் வீட்டுக்காரர், வெளிநாட்டவர் தங்கியிருப்பதை அதற்கான அரசுச் செயலியில் பதிவு செய்திருக்க வேண்டும். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள். விசா முடிந்தும் தங்கினால் நாளுக்கு 10 டாலர் அபராதம். விமானத்தில் வருபவர்கள் மின்னணு வருகை அட்டையையும் முன்கூட்டி நிரப்ப வேண்டும்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட் சேவா மூலம் காவல்துறைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள், பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறவரிடம் இதைக் கேட்காத சபை, பிள்ளைகள் பாதுகாப்பைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

பாங்காக்கில் இறங்கித் தரைவழியாகப் போகும் பழைய மலிவு வழியைக் கணக்கில் வைக்காதீர்கள். 2025 ஜூனில் தாய்லாந்து எல்லைக் கடவுகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஜூலையிலும் டிசம்பரிலும் எல்லையில் சண்டை நடந்தது. எல்லையோர மாகாணத்தில் இருக்கும் சபை அழைத்தால், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அன்றைய அறிவுரையைப் பார்த்த பிறகே பதில் சொல்லுங்கள்.

காணிக்கைப் பணம்

சபை மக்கள் உங்களைத் தாங்கினால், அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பது முக்கியம். இந்தியாவில் வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை, தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவு செய்ய மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் அனுப்பினால் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும். தனிநபர்கள் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் வங்கி வழியாக அனுப்பலாம். அங்கே டாலரும் ரியலும் சேர்ந்தே புழங்கும். ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். ஓரம் கிழிந்த டாலர் நோட்டைக் கடைக்காரர் தொடமாட்டார், புது நோட்டாகக் கொண்டுபோங்கள்.

கெமர் கொஞ்சம் கற்றுக்கொண்டு போங்கள்

திருநெல்வேலியில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் ஊழியர்கள் தெலுங்கு நாட்டுக்குப் போய்த் தெலுங்கில்தான் ஊழியம் செய்தார்கள். 'ஆங்கிலம்தானே கற்பிக்கப் போகிறோம்' என்று இதைத் தள்ளிவிட முடியாது. தெருவில், சந்தையில், மாணவன் வீட்டில் ஆங்கிலம் உதவாது. இரண்டு மாதம், தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஐந்நூறு சொல் வரும்.

தமிழருக்கு இதில் சில சாதகங்கள். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. க, ச, ட, த, ப என்ற வரிசை முறை பார்த்தவுடன் பிடிபடும். ஆசிரியரை 'க்ரூ' என்பார்கள், நம் குருவேதான். ஆண் ஆசிரியர் 'லோக் க்ரூ', பெண் ஆசிரியர் 'நேக் க்ரூ'. பள்ளி 'சாலா'. உறவுமுறையும் நமக்குப் பழகியது: பெற்றோரைவிட மூத்தவரை 'ஓம்' என்பார்கள், இளையவரென்றால் ஆணுக்கு 'பூ', பெண்ணுக்கு 'மிங்', பெரியப்பா, சித்தப்பா, சித்தி கணக்கு. அண்ணனுக்கும் அக்காவுக்கும் 'போங்' என்ற ஒரே சொல். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இந்த முறையில் கூப்பிட்டால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பது அங்கேயும் நலம் விசாரிப்புதான்.

எண்கள் ஐந்து ஐந்தாகப் போகும். ஐந்து 'ப்ராம்', ஒன்று 'முவோய்', ஆறு 'ப்ராம் முவோய்'. சின்னப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சிக்ஸ், செவன் என்று புதுப்புதுச் சொற்களைக் கேட்டுத் திணறினால் காரணம் இதுதான். ஆறிலிருந்து ஒன்பது வரை கூடுதலாக ஒரு வாரம் கொடுங்கள்.

உங்கள் ஆங்கிலத்தை முதலில் சரிபாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வகுப்பில் அதிகம் சேதம் செய்வது இதுதான். கெமர் மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலி கிடையாது. 'ரைஸ்' என்பது 'ரை' என்றோ 'ரைஹ்' என்றோ வரும், 'பஸ்' என்பது 'பஹ்'. சொல்லின் வாலை விழுங்குவது அவர்கள் பழக்கம். தமிழரான நாமோ வால் சேர்ப்பவர்கள்: பஸ்ஸு, புக்கு, கப்பு. உங்கள் வாயிலிருந்து 'பஸ்ஸு' வந்தால் மாணவன் அதையும் ஆங்கிலம் என்று எழுதிக்கொள்வான். செல்போனில் ஐந்து நிமிடம் உங்கள் பேச்சைப் பதிவு செய்து கேளுங்கள். 'எவரி' என்பது 'யெவரி' ஆகிறதா, 'வெஸ்ட்'டும் 'வெஸ்ட்'டும் (மேற்கும் பனியனும்) ஒன்றாக ஒலிக்கிறதா, 'ட' நாக்கை மடித்து வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சொற்றொடர்களிலும் நம் ஊர் வாசனை உண்டு. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'டிஸ்கஸ் அபவுட்', 'கசின் பிரதர்', 'வாட் இஸ் யுவர் குட் நேம்'. நமக்குள் இவை குற்றமில்லை. சுற்றுலா நகரமான சியாம் ரீப்பில் ஓட்டல் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையனுக்கு இவற்றைக் கொடுத்து அனுப்பக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் முறையான பயிற்சி எடுங்கள். கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சி 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று கற்பிக்க வேண்டும். அது செலவு என்றால் மலிவான இணையப் பயிற்சியோடு, ஊரிலேயே ஒரு மாதம் மாலை வகுப்பு எடுத்துப் பழகுங்கள். வகுப்பே எடுக்காமல் சான்றிதழ் மட்டும் தரும் பயிற்சியால் பெரிய பயன் இல்லை.

வகுப்பறை

சேர்க்கை நாளில் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுங்கள்: பெயர், வீடு, நேற்று என்ன செய்தாய், அடுத்த ஆண்டு என்ன செய்வாய். நேற்று பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் ஒரு குழு, முடிந்தவர்கள் இன்னொரு குழு. வயதையும் பாருங்கள், பத்து வயதுப் பிள்ளையையும் இருபது வயது இளைஞனையும் ஒரே பெஞ்சில் போட்டால் பெரியவன் வெட்கத்தில் நின்றுவிடுவான். ஒரு வகுப்புக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்.

பன்னிரண்டு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று அறுபது மணி நேரத் தவணையாக அறிவியுங்கள். முடிவில்லாத வகுப்பு என்றால் யாரும் முடிக்கமாட்டார்கள். தவணையை நெல் நடவும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் வாரங்களில் தொடங்காதீர்கள். ஏப்ரல் நடுவில் வரும் கெமர் புத்தாண்டுக்கு (நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும்) ஊரே காலியாகும். செப்டம்பர்-அக்டோபரில் முன்னோருக்கான ப்சும் பென் நாட்களும் அப்படியே. அந்த வாரங்களில் வகுப்பு வைத்து, வராதவர்களைக் கடிந்துகொள்ளும் புதியவர்கள் நிறையப் பேர். அது வேண்டாத வேலை.

கட்டணம் பற்றி இரண்டு கருத்து உண்டு. முற்றிலும் இலவசம் என்றால் இடம் பிடித்துவிட்டு வராமல் போவார்கள். புத்தக நகலுக்கு மட்டும் ஒரு சிறு தொகை வாங்கி, முடியாதவர்களுக்குச் சபையே அமைதியாகக் கட்டிவிடுவதுதான் சரியாக இருக்கிறது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் நேற்றைய பாடம். அடுத்த பத்து நிமிடத்தில் புதிதாக ஒரே ஒரு வாக்கிய அமைப்பும் எட்டுச் சொற்களும். எட்டுக்கு மேல் எழுதினால் பலகை நிறையும், தலை நிறையாது. பிறகு பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வது. இருபது நிமிடம் இரண்டு இரண்டு பேராகப் பேசுவது. கடைசியில் ஒரு விளையாட்டு, வீட்டுப்பாடம். நீங்கள் பேசும் நேரம் மொத்தத்தில் இருபது நிமிடத்தைத் தாண்டினால் அது பிரசங்கமாகிவிட்டது.

'அண்டர்ஸ்டாண்ட்?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் 'யெஸ்' என்பார்கள். ஆசிரியர் முன் புரியவில்லை என்று சொல்வது ஆசிரியருக்கே அவமானம் என்று நினைக்கும் பண்பாடு அது. செய்து காட்டச் சொல்லுங்கள்: 'நேற்று' என்பதற்குக் கையைப் பின்னால் காட்டு, 'நாளை' என்றால் முன்னால். தப்பாகச் சொன்னவனைத் தனியாக எழுப்பித் திருத்த வேண்டாம். பலகையில் பெயரில்லாமல் ஐந்து தப்பு வாக்கியங்களை எழுதிவிட்டு எல்லாரையும் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசி 'ஸ்' ஒலியைப் பின்னாலிருந்து கட்டுங்கள்: 'ஸ்ஸ்', 'ஐஸ்', 'ரைஸ்'. தினமும் மூன்று நிமிடம், விடாமல். இது வராவிட்டால் பன்மையும் வராது, 'ஹீ லைக்ஸ்' என்பதும் வராது. தப்பு இலக்கணத்தில் இல்லை, நாக்கில் இருக்கிறது. இலக்கணம் தெரியவில்லை என்று நினைத்து விதியை மறுபடி மறுபடி விளக்கும் ஆசிரியர் ஒரு மாதத்தை வீணாக்குவார். வாக்கிய வரிசையில் அவர்களுக்குச் சிரமம் குறைவு; எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற ஆங்கில வரிசைதான் கெமருக்கும். நாம் பள்ளியில் பட்ட பாட்டை மனதில் வைத்து அதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் பெயரடை பெயருக்குப் பின்னால் வரும், ஆகவே 'கார் ரெட்' என்பார்கள். வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, ஆகவே 'ஐ ஈட் ஆல்ரெடி'. இந்த இரண்டுக்கும் நேரம் கொடுங்கள்.

மழைக்காலத்தில், மே முதல் அக்டோபர் வரை, தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்காது. இருபது நிமிடம் சத்தமில்லாமல் செய்யும் எழுத்து வேலை எப்போதும் பையில் இருக்கட்டும். மின்சாரம் போகும், பாடத்தை ப்ரொஜெக்டரை நம்பி அமைக்காதீர்கள்.

வேதபாட நேரம்

வகுப்பு முடிந்து மணி அடித்து, போகிறவர்கள் போக ஐந்து நிமிடம் இடைவெளி விட்ட பிறகு தொடங்குங்கள். முடிந்தால் வேறு இடத்துக்கு மாறுங்கள். முக்கியமாக, நடத்துகிறவர் உள்ளூர் ஊழியராக இருக்கட்டும், கெமர் மொழியில். ஆங்கிலத்தில் செய்தால் கேட்பவர் கதையைக் கேட்கிறாரா, சொற்களைப் பொறுக்குகிறாரா என்று உங்களுக்கே தெரியாது. கெமர் வேதாகமம் முழுமையாக 1954-இல் வந்தது. சொற்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆங்கில வாசிப்பாகவே வேண்டும் என்றால், பழைய ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பைத் தொடாதீர்கள். லூக்கா 15-இல் வரும் காணாமற்போன ஆட்டின் உவமையை எட்டுச் சிறு வாக்கியமாக நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். புத்தரையும் பிக்குகளையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் வேண்டாம். பெண் ஊழியர்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, கையில் எதையும் நேரடியாகக் கொடுக்கவும் கூடாது. யாருடைய தலையையும் தொடாதீர்கள். தலையில் கைவைத்து ஜெபிக்கும் நம் வழக்கம் அங்கே பிள்ளையின் பெற்றோருக்கு எப்படித் தோன்றும் என்று போதகரிடம் முதலில் கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயம்

ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்க வேண்டாம். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். மாணவரை வண்டியில் தனியாக ஏற்றிப்போக வேண்டாம். ஜெபக் கடிதத்தில் பிள்ளையின் படமும் பெயரும் ஊரும் சேர்ந்து வரக் கூடாது. 'இவன் குடும்பம் இவ்வளவு ஏழை' என்று படத்தோடு எழுதினால் காணிக்கை வரலாம், அந்தப் பையன் பெரியவனானதும் அதைப் படிப்பான். அனாதை இல்லத்தில் குறுகிய கால ஊழியம் என்ற அழைப்பை ஏற்காதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பது தெரிந்த விஷயம். பார்வையாளர் வருகையே அந்த இல்லங்களை வளர்க்கிறது.

உடல்நலம்

டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசி பற்றிப் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். டெங்கு மழைக்காலத்தில் நிச்சயம் உண்டு. வகுப்பு நடக்கும் மாலை நேரத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். காப்பீட்டில் வேறு நாட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்க வேண்டும். மாகாணத்தில் பெரிய சிகிச்சை கிடைக்காது.

விட்டுவிட்டு வரும்போது

நான்காம் வாரத்திலேயே மூத்த மாணவர் இருவரை உதவியாளராக்குங்கள். எட்டாம் வாரம் முதல் பத்து நிமிடத் திருப்புதலை அவர்கள் நடத்தட்டும், பத்தாம் வாரம் முழு வகுப்பையும். நீங்கள் பின் பெஞ்சில் வாயை மூடி உட்காருங்கள், இது பாடம் எடுப்பதைவிடக் கடினம். அறுபது பாடத்தின் குறிப்புகளையும் கையால் ஒரே நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு உங்களோடு போய்விடும். வருகைப் பதிவேடு, சேர்க்கைத் தாள்கள், பெற்றோர் கையெழுத்துகள், புத்தக நகலுக்கு வாங்கிய பணத்தின் கணக்கு எல்லாவற்றையும் போதகரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அடுத்த தவணை தொடங்கும் தேதியைப் பலகையில் எழுதிவிட்டு, பீரோ சாவியை உதவியாளர் கையில் கொடுங்கள்.